எழும்பூரின் மருத்துவ மரபைத் தெருவில் கொண்டாடுவது எப்படி? முதல் நடை முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

மருத்துவமனைகள் நிறைந்த ஒரு பேட்டையின் கதையை ஓவியமாக, பாட்டாக, நடைப்பயணமாகச் சொல்ல ஆசைப்படும் குழுக்கள் பெரும்பாலும் சுவரிலிருந்துதான் தொடங்குகின்றன. முதலில் ஓவியரைப் பிடிக்கிறார்கள், பெயிண்ட் வாங்குகிறார்கள். எதை வரைவது, யாரிடம் அனுமதி கேட்பது என்ற யோசனை அப்புறம்தான் வருகிறது. பாதி வேலைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. சுவர் பின்னால் வரும் படியாக இருக்க வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் செய்ய வேண்டியவற்றை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்குச் சென்னை எழும்பூர். மகப்பேறு, கண், குழந்தைகள் என மூன்று பெரிய அரசு மருத்துவமனைகள் அங்கே இருக்கின்றன. ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அருங்காட்சியகமும் நடந்து போகும் தூரத்தில். உங்கள் ஊர் வேறு என்றாலும் படிகள் இதேதான்.

1. எல்லையைச் சின்னதாக வையுங்கள்

"சென்னையின் மருத்துவ வரலாறு" என்று தொடங்கினால் சென்ட்ரல் எதிரே உள்ள பெரியாஸ்பத்திரி, ராயபுரம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் என்று இழுத்துக்கொண்டே போகும். ஒரு மனிதர் மூச்சு வாங்காமல் ஒன்றரை மணி நேரத்தில் நடந்து முடிக்கும் வட்டம் போதும். எழும்பூரில் அது பாந்தியன் சாலை, ருக்மணி லட்சுமிபதி சாலை, ஹால்ஸ் சாலை, காந்தி இர்வின் சாலை.

காரணம் எளிது. பார்க்க வருபவர் நடக்கக்கூடிய எல்லைக்குள் இருந்தால்தான் ஓர் இடத்தின் கதை அடுத்த இடத்தோடு ஒட்டும். அனுமதி கேட்க வேண்டிய அலுவலகங்களும் குறையும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் குழுவுக்கு ஒரு முகவரியும் லெட்டர்ஹெட்டும் வேண்டும். பதிவு செய்த சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ இல்லையென்றால், ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறையையோ நுண்கலைத் துறையையோ கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஆளின் மனுவை எந்த அலுவலகமும் வேகமாக நகர்த்தாது.

குழுவில் மருத்துவமனைக்குள் வேலை செய்த ஒருவர் கட்டாயம் வேண்டும். ஓய்வு பெற்ற செவிலியர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. எந்த வாசலில் எந்த நேரம் கூட்டம், எந்தச் சுவருக்குப் பின்னால் வார்டு, யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதல் நாளே பராமரிப்புக்கென்று ஒதுக்கி வையுங்கள். பின்னால் ஒதுக்கலாம் என்று விட்டால் அது பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும்.

3. மூன்று வேளையும் நடந்து பாருங்கள்

கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு சிறிய நோட்டோடு போங்கள். வேலை நாள் காலை ஓ.பி. நேரம், பிற்பகல், இரவு எட்டு மணிக்கு மேல். மூன்றும் மூன்று வெவ்வேறு தெருக்கள்போல இருக்கும்.

மகப்பேறு மருத்துவமனைப் பக்கம் பிற்பகலில் நின்று பாருங்கள். சுவரோரம் பாய் விரித்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். வயர் கூடையில் பிளாஸ்க், தட்டு, மாற்றுத் துணி. பாட்டி சுவரில் முதுகைச் சாய்த்துக் கண் மூடியிருப்பார், பக்கத்தில் ஒருவர் போனில் ஊருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பது மகளோ மருமகளோ. வெயில் திரும்பத் திரும்ப நிழல் விழும் பக்கமாக அவர்களும் நகர்வார்கள்.

இதிலிருந்து உங்கள் வேலைக்கு இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. சுவரின் கீழ் நான்கு அடி அவர்களுடையது. அங்கே வரைந்தால் ஒரே மாதத்தில் முதுகு தேய்ந்து அழியும், அதைக் காக்க யாராவது அவர்களை எழுப்பி விரட்டவும் கூடும். ஆகவே ஓவியம் நான்கு அடிக்கு மேலிருந்துதான் தொடங்க வேண்டும். அடுத்து, சாரம் கட்டும் நாட்களில் அந்த நிழலை அவர்களிடமிருந்து மொத்தமாகப் பறிக்கக் கூடாது. சின்னச் சின்னப் பகுதியாகத்தான் வேலை நகர வேண்டும்.

108 வண்டி உள்ளே திரும்பும் இடம், ஆட்டோ நிற்கும் இடம், சக்கர நாற்காலி ஏறும் சரிவு எல்லாவற்றையும் ஒரு கைவரைபடத்தில் குறித்து வையுங்கள். அனுமதி மனுவோடு இதை இணைத்தால் பாதிக் கேள்விகள் வராது.

4. தகவலைச் சரிபாருங்கள், பெருமைச் சொற்களை நீக்குங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இணையத்தில் கிடைத்ததை அப்படியே பலகையில் எழுதிவிடுகிறார்கள். கல்லில் பொறித்த தவறு மனுவால் நீங்காது.

கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கியது 1819. ஆனால் அப்போது அது ராயப்பேட்டையில் இருந்தது, எழும்பூருக்கு வந்தது 1884-ல். "1819 முதல் இதே இடத்தில்" என்று எழுதினால் பிழை. "உலகின் இரண்டாவது பழைய கண் மருத்துவமனை" என்ற வரியும் அடிக்கடி கண்ணில் படும். லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805. அதற்குப் பிறகு எக்ஸிடரில் 1808-லும் பிரிஸ்டலில் 1810-லும் கண் மருத்துவமனைகள் வந்துவிட்டன. அந்த வரி நிற்காது. அது இல்லாமலேயே சொல்ல நிறைய இருக்கிறது: இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையாவின் முயற்சியில் தொடங்கியது இங்கேதான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பற்றியும் இப்படித்தான். "இந்தியாவின் முதல் பெண் டாக்டர்" என்று மேடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் படிப்பை முடித்தது 1886-ல், முத்துலட்சுமி பிறந்த அதே ஆண்டில். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தது 1912. அதன் பிறகு எழும்பூர் அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார். எழும்பூருக்கு உரிய செய்தி அதுதான், அதையே எழுதுங்கள்.

ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்படாத இரண்டு சான்றுகள் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசாணைகளும் நிர்வாக அறிக்கைகளும் இருக்கின்றன. ஆய்வு அனுமதிக்குக் கல்லூரிக் கடிதம் கொண்டு போங்கள். கன்னிமாரா நூலகம் பாந்தியன் சாலையிலேயே இருக்கிறது. இரண்டு சான்றும் கிடைக்காத செய்தி எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் பலகைக்குப் போகக் கூடாது.

தேடும்போது இடங்களை இணைக்கும் இழையைக் கவனித்துக்கொண்டே இருங்கள். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு முதலில் பொறுப்பேற்ற எட்வர்ட் பால்ஃபர் ஒரு படை மருத்துவர். பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், அதற்கு முன் மகப்பேறு மருத்துவமனையில்தான் பிரசவம் பார்க்கப் பழகினார். கண் மருத்துவமனை இருக்கும் தெருவின் பெயருக்குரிய ருக்மணி லட்சுமிபதி, சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர். 1946-ல் அவர் ஏற்ற துறை பொதுச் சுகாதாரம். தினமும் அந்தத் தெருவில் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. இப்படி மூன்று முடிச்சு கிடைத்தாலே ஒரு நடைப்பயணத்துக்குப் போதும்.

5. டாக்டர்களோடு நிறுத்தாமல் எல்லோரிடமும் கேளுங்கள்

ஆவணத்தில் கண்காணிப்பாளர்களின் பெயர்தான் இருக்கும். வார்டு ஆயா, ஸ்டெச்சர் தள்ளுபவர், சமையற்கூடத்தில் வேலை பார்த்தவர், வாசலில் டீ விற்றவர் ஆகியோரின் நினைவு எந்த அறிக்கையிலும் இராது. அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பதிவுக்கு முன் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒப்புதலை வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் "சரி"யையும் ஒலியாகப் பதியுங்கள். பிறகு மனம் மாறினால் நீக்கிவிடுவோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சையில் இருக்கும் நோயாளியிடமோ, தவிப்போடு வாசலில் காத்திருப்பவரிடமோ பேட்டி எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் யாராலும் மனம் ஒப்பிச் சம்மதிக்கவோ மறுக்கவோ முடியாது. வீடு திரும்பிய பிறகு பேச விரும்புகிறவர்களைத் தேடுங்கள். பச்சிளங்குழந்தையின் முகம் எந்தப் படத்திலும் வேண்டாம்.

6. அனுமதி: கீழிருந்து மேலே போங்கள்

நேராகத் தலைமைச் செயலகத்துக்கு மனு போடுபவர்கள் உண்டு. அந்த மனு சுற்றிச் சுற்றி மருத்துவமனையின் கருத்துக்கே திரும்பி வரும். அங்கே இருப்பவருக்கு உங்களைத் தெரியாதென்றால் அப்படியே கிடக்கும்.

நல்ல வரிசை இது: முதலில் நிலைய மருத்துவ அலுவலரையும் செவிலியர் கண்காணிப்பாளரையும் பார்த்து வாய்மொழியாகச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் திருத்தங்களோடு இயக்குநரிடம் எழுத்து மனு. மூன்று மருத்துவமனைகளும் சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தவை, ஆகவே டீன் அலுவலகத்துக்கு ஒரு நகல். கட்டடமும் மதிலும் பொதுப்பணித் துறை பராமரிப்பில் இருந்தால் அவர்களின் ஒப்புதல் தனியாக வேண்டும். நடைபாதைக்கு மாநகராட்சி, ஆள் கூடும் நிகழ்ச்சிக்குக் காவல் துறை.

ஒவ்வொரு மனுவிலும் எந்தச் சுவர், எத்தனை அடி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் பொறுப்பு, பிறகு யார் பராமரிப்பார் என்பது தெளிவாக இருக்கட்டும். "நல்ல நோக்கம்தானே" என்று அனுமதியில்லாமல் வரைந்தால், பொது இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் உங்கள் மேலும் பாயும். போஸ்டருக்கும் சுவரோவியத்துக்கும் அது தனிச் சலுகை தருவதில்லை.

7. சத்தம்: 100 மீட்டரை அளந்துவிட்டுக் கலையைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியை அனுமதியோடேயே முடித்துவிடுங்கள், ஏனென்றால் எந்தக் கலை எங்கே நடக்கும் என்பதையே இது தீர்மானிக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பரப்பை அரசு அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். ஒலிபெருக்கி மட்டும்தான் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். இசை வாசிப்பதும் முரசு, பறை அடிப்பதும் அந்த விதியில் சேரும். ஆக, மகப்பேறு மருத்துவமனை வாசலில் பறையாட்டம் வைத்துத் தொடக்க விழா என்ற திட்டம் காகிதத்திலேயே முடிந்துவிட வேண்டும்.

விதியை விடுங்கள், உள்ளே குறைமாதக் குழந்தைகள் படுத்திருக்கிறார்கள். அது போதுமே.

சத்தமுள்ள கலைகளை அரங்குக்குள் கொண்டு போங்கள். அருங்காட்சியக வளாகத்தில் பழைய மியூசியம் தியேட்டர் இருக்கிறது. அங்கே முன்பதிவு கிடைத்தால் நாடகம், வில்லுப்பாட்டு, கானா எல்லாம் வைக்கலாம். வாசலுக்குச் சத்தமில்லாத கலைகள்: ஓவியம், கோலம், தொட்டுப் பார்க்கும் சிற்பப் பலகை, துணி ஒட்டுவேலை.

8. ஒவ்வொரு வாசலுக்கும் அதனதன் கலை

ஒரே ஓவியத்தை மூன்று சுவரிலும் நீட்டிவிடுவது வழக்கமான தவறு. யார் அந்த வாசலைக் கடக்கிறார்கள், என்ன நிலையில் கடக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

கண் மருத்துவமனையிலிருந்து வெளியே வருபவர் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். பளபளக்கும் வெள்ளைப் பலகை அவருக்கு வேதனை. அடர் நிறப் பின்னணியில் வெளிர் மஞ்சள் எழுத்து, மினுமினுப்பில்லாத பூச்சு, பெரிய எழுத்து. கூடவே கையால் தடவி அறியும் புடைப்புப் பலகைகளும் பிரெய்ல் வரிகளும் வையுங்கள். கண்ணின் அமைப்பையும் கருவிழி மாற்றுச் சிகிச்சையின் படிகளையும் விரலால் தொட்டு உணர்த்தலாம். பலகை இடுப்பு உயரத்தில், லேசான சாய்வில் இருக்கட்டும். முனைகளை மழுக்கிவிடுங்கள். பார்வையற்ற ஒருவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே இறுதி வார்ப்பு.

மகப்பேறு மருத்துவமனைச் சுவர் என்றதும் எல்லா ஓவியர்களும் தாயும் சேயும் வரைந்து கொண்டு வருவார்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். குழந்தையை இழந்து வெளியேறும் பெண்ணும் அதே வாசலில்தான் நடக்கிறாள். செவிலியர்கள், பிரசவம் பார்த்த மூத்த பெண்கள், படிக்க வந்த முதல் மாணவிகள், துணைக்கு வந்து பாயில் படுத்திருக்கும் பாட்டிகள் என்று வரையுங்கள். பிறப்பைக் கொண்டாட வேறு வழி உண்டு. தாலாட்டுகளைச் சேகரியுங்கள். எழும்பூருக்குச் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்திலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. தெலுங்குத் தாலாட்டும் கிடைக்கும், உருதுத் தாலாட்டும் கிடைக்கும். அவற்றை அரங்கில் பாடவையுங்கள்.

குழந்தைகள் மருத்துவமனைக்குச் சின்னக் குறிப்பு: படம் குழந்தையின் கண் உயரத்தில் இருக்கட்டும், ஊசி வேண்டாம்.

9. சுவர் வேலை

முதலில் சுவரின் வயதைப் பாருங்கள். பழைய செங்கல், சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் என்றால் அதில் கை வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, பூச்சு உப்பி, தட்டுத் தட்டாகப் பெயரும். ஓவியத்தோடு நூறாண்டுப் பூச்சும் போய்விடும். பிற்காலத்துச் சிமெண்ட் மதில்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் மதிலிலும் ஓதம் இருக்கிறதா என்று சோதியுங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்த இடம் தயாராகவில்லை. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். புதிதாகப் பூசிய சுவருக்கு நான்கு வாரமாவது ஆறப்போடுங்கள்.

பிறகு விரிசலுக்கு வெளிச்சுவர்ப் பட்டி, பிரைமர், வெளிப்புற எமல்ஷன். எல்லாமே நீரில் கரைபவையாக இருக்கட்டும். எனாமல், தின்னர் வாடை வார்டு ஜன்னலுக்குள் போகும்.

மாதம் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, தொடவே வேண்டாம். பொங்கல் முடிந்து மார்ச் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் பெயிண்ட் பிரஷிலேயே காய்ந்துவிடும், சாரத்தில் நிற்பவரும் வாடிவிடுவார்.

எழுத்துகளைக் கடைசியாக எழுதுங்கள். அதற்கு முன் அதே அளவில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, சாலையின் எதிர்ப்பக்கம் ஒரு பெரியவரை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், வரியைச் சுருக்குங்கள்.

10. நடைப்பயணம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி சரியான நேரம். ஓ.பி. கூட்டம் இல்லை, வெயில் இல்லை, போக்குவரத்தும் குறைவு. ஒரு குழுவில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் வழிகாட்டி கத்த வேண்டியிருக்கும், மைக் கேட்பார்.

எழும்பூர் ரயில் நிலையத்தில் கூடி, ஆவணக் காப்பகம், மகப்பேறு மருத்துவமனை, அருங்காட்சியகம், கண் மருத்துவமனை என்று போகலாம். ஹால்ஸ் சாலையில் உள்ள குழந்தைகள் மருத்துவமனை சற்றுத் தள்ளி இருப்பதால், விருப்பமுள்ளவர்களோடு கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வளாகத்துக்குள்ளும் நுழைய வேண்டாம். வாசலை மறிக்காமல் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பேசுங்கள். ஓரிடத்தில் ஐந்து நிமிடம், ஒரு கதை, ஒரு மனிதர். ஆண்டுகளை அடுக்கினால் மூன்றாவது நிறுத்தத்தில் கூட்டம் போனை எடுத்துவிடும்.

11. தேதிகள்

புதிதாக ஒரு நாளைக் கண்டுபிடிப்பதைவிட ஏற்கெனவே உள்ள நாட்களோடு சேர்ந்துகொள்வது லாபம். ஜூலை 30 முத்துலட்சுமி ரெட்டி பிறந்த நாள். அரசு மருத்துவமனைகளில் அதை மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஊழியர்களின் நினைவுப் பதிவுகளை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்ட அன்றைய நாள் பொருத்தம். ஆகஸ்ட் 22 சென்னை தினம், நடைப்பயணங்களுக்கு அந்த வாரம். ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இரு வாரம். 1945-ன் கண் வங்கிக் கதையையும் புடைப்புப் பலகைகளையும் அப்போது திறந்து வையுங்கள், பக்கத்திலேயே கண்தான உறுதிமொழிப் படிவத்துக்கு ஒரு மேசை போடுங்கள். கதையைக் கேட்டு மனம் நெகிழ்ந்தவர் அங்கேயே கையெழுத்திட்டுப் போக வழி இருக்க வேண்டும். ஆகஸ்ட் மாலைகளில் சென்னையில் திடீர் மழை வரும், வெளி நிகழ்ச்சிகளைக் காலையில் வையுங்கள்.

12. ஒப்படைப்பு

விழா முடிந்த வாரத்திலேயே ஒப்படைப்புக் கடிதம் எழுதுங்கள். எந்தச் சுவரில் எந்த பிராண்டு பெயிண்ட், என்ன நிற எண், எந்தப் பலகை எந்தப் பட்டறையில் செய்தது, திருகு கழன்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் வேண்டும். மிஞ்சிய பெயிண்டை மூடி இறுக்கி, நிற எண் எழுதி, மருத்துவமனைப் பராமரிப்புப் பிரிவிடம் கொடுங்கள்.

ஒலிப் பதிவுகள், ஒப்புதல் படிவங்கள், சான்றுகளின் நகல்கள் ஆகியவற்றின் ஒரு தொகுப்பு கூட்டாளிக் கல்லூரி நூலகத்துக்குப் போகட்டும். ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் அவர் வேலை மாறும்போது அதுவும் போய்விடும்.

ஒவ்வொரு ஜனவரியிலும், மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பிறகு ஒரு பராமரிப்பு நாள். மென்மையான பிரஷால் தூசு துடைப்பது, உப்புப் பூத்த இடத்தைத் தேய்ப்பது, உரிந்த இடத்தில் மறுபூச்சு, பிரெய்ல் புள்ளிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று விரலால் பார்ப்பது. ஒதுக்கி வைத்த ஐந்தில் ஒரு பங்கு இதற்குத்தான். மூன்றாவது ஜனவரியில் நின்று பார்த்து, சரிசெய்ய முடியாத அளவுக்குச் சிதைந்த ஓவியத்தை நீங்களே வெள்ளையடித்துவிடுங்கள். அதற்கான அனுமதியையும் முதல் மனுவிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.